உணவு, உழைப்பு, செரிமானம்: பெங்களூரு தரும் பாடம்

ஒரு தலைமுறைக்கு முன்னர் வயிற்று நோய் என்றவுடன் நம் மக்களின் நினைவுக்கு வந்தவை வாந்திபேதி, சீதபேதி, குடற்காய்ச்சல் ஆகியவையே. அசுத்தமான குடிநீரே இவற்றின் தலையாய காரணம். எனவே, இவற்றுக்கு எதிரான போராட்டத்தில் மருத்துவரைவிடப் பொறியாளரின் பங்கு சிறியதன்று. பெங்களூரு நகரின் வரலாறு இதற்கு நல்ல சான்றாகும். 1896இல் அர்க்காவதி ஆற்றின் ஹெசரகட்டா ஏரியிலிருந்து நகருக்குக் குழாய் நீர் வந்தது. 1933இல் அதே ஆற்றின் திப்பகொண்டனஹள்ளி நீர்த்தேக்கம் துணை சேர்ந்தது. 1974இல் ஏறத்தாழ 100 கிலோமீட்டர் தொலைவிலிருந்து காவிரி நீர் மேடேற்றிக் கொண்டுவரப்பட்டது. அத்திட்டத்தின் ஐந்தாம் கட்டம் 2024 அக்டோபரில் தொடங்கி வைக்கப்பட்டு, நகரை ஒட்டிய 110 கிராமங்களை நோக்கி நீண்டது. 2024 கோடையில் நேர்ந்த கடும் தட்டுப்பாடு, இப்பணி இன்னும் முடிந்துவிடவில்லை என்பதை நினைவூட்டியது. எனினும், நீரால் பரவும் நோய்களின் பிடி தளர்ந்ததில் குழாய்க்கு உரிய பங்கை எவரும் மறுக்க இயலாது.

இன்று மற்றொரு வகை வயிற்றுக் கோளாறுகள் முன்னுக்கு வந்துள்ளன. மலச்சிக்கல், மூலம், நெஞ்செரிச்சல், கல்லீரலில் கொழுப்புப் படிதல், பெருங்குடல் புற்று ஆகியவை இவ்வகையைச் சேர்ந்தவை. இவை கிருமியால் மட்டும் வருபவை அல்ல. உண்ணும் உணவும் உட்கார்ந்திருக்கும் நேரமும் இவற்றின் தோற்றத்தில் பெரும் பங்கு கொள்கின்றன. ஆனால், இவற்றைப் பற்றிப் பேசும்போது நாம் தனிமனிதரின் சோம்பலையும் நாவடக்கமின்மையையும் மட்டுமே குறை கூறுகிறோம். வாந்திபேதி கண்டவரை நோக்கி, ‘நீர் ஏன் நல்ல தண்ணீர் குடிக்கவில்லை?’ என்று கேட்பது எவ்வளவு அரைகுறையான கேள்வியோ, அவ்வளவு அரைகுறையானதே இதுவும். நல்ல உணவு கைக்கெட்டும் விலையில் கிடைக்கிறதா, நடப்பதற்கு இடமும் நேரமும் இருக்கின்றனவா என்ற கேள்விகளையும் சேர்த்துக் கேட்டாலன்றிச் செரிமான நலத்தை நாம் முழுமையாகப் புரிந்துகொள்ள முடியாது.

செரிமானம் நடைபெறும் விதம்

உண்ட உணவு வாயில் உமிழ்நீருடன் கலந்து, இரைப்பையில் அமிலத்தால் கூழாகி, பொதுவாக 2 முதல் 4 மணி நேரத்திற்குள் சிறுகுடலை அடைகிறது. அங்கே பித்தநீரும் கணையநீரும் சேர, மாவுப்பொருள் சர்க்கரையாகவும், புரதம் அமினோ அமிலங்களாகவும், கொழுப்பு கொழுப்பு அமிலங்களாகவும் சிதைந்து இரத்தத்திலும் நிணநீரிலும் கலக்கின்றன. உண்பதும் குடிப்பதும் உடல் சுரப்பதுமாக நாளொன்றுக்கு ஏறத்தாழ 8 அல்லது 9 லிட்டர் நீர்மம் குடலுக்குள் இறங்குகிறது. இதில் மிகப் பெரும் பகுதி திரும்ப உறிஞ்சப்பட்டு, இறுதியில் வெளியேறுவது 100 முதல் 200 மில்லி லிட்டர் மட்டுமே.

சிறுகுடலால் செரிக்க முடியாத பொருள் ஒன்று உண்டு. தானியத்தின் உமியடுத்த தோல், பயறுகளின் தோல், கீரை, காய், கனி ஆகியவற்றில் உள்ள நார்ச்சத்தே அது. செரிக்காத பொருளால் என்ன பயன் என்று நெடுங்காலம் கருதப்பட்டது. உண்மையில் அதன் பணி பெருங்குடலில்தான் தொடங்குகிறது. நார்ச்சத்தின் ஒரு பகுதி நீரை ஈர்த்து வைத்துக்கொண்டு மலத்தை இளக்கி, அதன் பருமனைக் கூட்டுகிறது. பருமன் கூடும்போது குடற்சுவர் எளிதாகச் சுருங்கி விரிந்து அதைத் தள்ளுகிறது. மற்றொரு பகுதி, பெருங்குடலில் வாழும் கோடானுகோடி நுண்ணுயிர்களுக்கு உணவாகிறது. அவை நாரை நொதிக்கச் செய்து அசிட்டிக், புரொப்பியானிக், பியூட்டிரிக் அமிலங்களைத் தருகின்றன. இவற்றுள் பியூட்டிரிக் அமிலம் பெருங்குடலின் உட்சுவர் உயிரணுக்களுக்கு முதன்மையான எரிபொருளாகும். எனவே, நாரற்ற உணவை உண்பவரின் வயிறு நிறையலாம். ஆனால் அவருடைய பெருங்குடல் பட்டினி கிடக்கிறது.

கம்பாலாவிலிருந்து கோலார் வரை

நார்ச்சத்தின் முக்கியத்துவத்தை மருத்துவ உலகின் கவனத்திற்குக் கொண்டுவந்தவர்களுள் டெனிஸ் பர்க்கிட் முதன்மையானவர். ஐரிஷ் நாட்டவரான இவ்வறுவை மருத்துவர் உகாண்டாவின் தலைநகரான கம்பாலாவில் பல ஆண்டுகள் பணியாற்றினார். பிரிட்டனில் அன்றாடம் காணப்பட்ட மலச்சிக்கல், மூலம், பெருங்குடல் புற்று ஆகியவை ஆப்பிரிக்கக் கிராமத்தாரிடம் அரிதாகவே காணப்படுவதை அவர் கவனித்தார். அவரும் உடன் ஆய்வாளர்களும் 1972இல் வெளியிட்ட அளவீடுகளின்படி, உகாண்டா கிராமத்தவரின் உடலில் உணவு நுழைந்து கழிவாக வெளியேற ஏறத்தாழ 36 மணி நேரமே ஆயிற்று. அவர்கள் ஒப்பிட்ட பிரிட்டிஷ் கடற்படையினருக்கு மூன்று நாட்களுக்கும் மேல் ஆயிற்று. இந்த வேறுபாடு முழுவதையும் நார்ச்சத்தின் கணக்கில் மட்டும் எழுதிவிட முடியாது என்பது பின்னர் தெளிந்தது. உழைப்பும் உடற்பருமனும் பிற பழக்கங்களும் அதில் கலந்துள்ளன. ஆயினும், முழுத் தானியமும் நார்ச்சத்தும் மிகுந்த உணவு பெருங்குடல் புற்றுக்கான வாய்ப்பைக் குறைக்கிறது என்ற முடிவைப் பிற்காலத்தின் பெரிய ஆய்வுகளும் பொதுவாக ஆதரித்துள்ளன.

இந்த உகாண்டாச் செய்திக்கும் கர்நாடகத்திற்கும் தொடர்பு ஒன்று உண்டு. கேழ்வரகின் தாயகம் உகாண்டா, எத்தியோப்பியா ஆகிய நாடுகளை உள்ளடக்கிய கிழக்கு ஆப்பிரிக்க மேட்டு நிலமே. பல்லாயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே கடல் கடந்து வந்த இத்தானியம், பெங்களூருவைச் சூழ்ந்த கோலார், தும்கூர், ராமநகரம், ஹாசன் முதலான மாவட்டங்களின் செம்மண்ணில் வேரூன்றி மக்களின் நாளாந்த உணவாயிற்று. நாட்டின் மொத்தக் கேழ்வரகு விளைச்சலில் பாதிக்கு மேல் கர்நாடகத்தில்தான் விளைகிறது.

தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2017இல் வெளியிட்ட உணவுச்சத்து அட்டவணையை நோக்கினால் இத்தானியத்தின் மதிப்பு விளங்கும். 100 கிராம் கேழ்வரகில் ஏறத்தாழ 11 கிராம் நார்ச்சத்து உள்ளது. தீட்டிய அரிசியில் 3 கிராமுக்கும் குறைவு. சுண்ணாம்புச்சத்தோ கேழ்வரகில் 364 மில்லி கிராம். தீட்டிய அரிசியில் 8 மில்லி கிராமைக் கூட எட்டவில்லை. இந்த வேறுபாட்டிற்குத் தானியத்தின் அமைப்பே காரணம். கேழ்வரகு மிகச் சிறிய மணி. அதன் தோல் உட்பகுதியுடன் இறுக ஒட்டியிருப்பதால் அதைத் தனியே தீட்டி நீக்குவது எளிதன்று. ஆகவே, தோலோடு அரைத்து உண்பதே மரபாயிற்று. அரிசியின் தவிட்டை ஆலை எளிதில் பிரித்துவிடும். கேழ்வரகோ தன் சிறுமையாலேயே தன் சத்தைக் காத்துக்கொண்டது.

நாளொன்றுக்கு எவ்வளவு நார்ச்சத்து தேவை? வயது வந்தோருக்கு 25 கிராமுக்குக் குறையக் கூடாது என்று உலகச் சுகாதார நிறுவனம் 2023இல் அறிவுறுத்தியது. நம் நாட்டின் 2020ஆம் ஆண்டுப் பரிந்துரை 2000 கலோரி உணவிற்கு 30 கிராம் என்கிறது. 300 கிராம் தீட்டிய அரிசியைச் சோறாகவும் இட்டலியாகவும் உண்பவருக்கு அதிலிருந்து கிடைப்பது 8 அல்லது 9 கிராமே. அதில் 100 கிராமைக் கேழ்வரகு மாவாக மாற்றினால் மொத்தம் 16 அல்லது 17 கிராமாக உயர்கிறது. ஒரு வேளைக் களியும், அதனுடன் கர்நாடகத்தார் ‘சொப்பு சாரு’ என வழங்கும் கீரைச் சாறும், ஒரு கிண்ணம் கொள்ளோ மொச்சையோ, இரண்டு காய்கறிகளும் ஒரு பழமும் சேர்ந்தால் தேவையை எட்டுவது கடினமன்று. விலையுயர்ந்த நார்ப்பொடிகள் எதுவும் இதற்கு வேண்டியதில்லை.

ஒரு தானியத்தின் பொருளாதாரம்

பதினாறாம் நூற்றாண்டுக் கன்னடக் கவிஞர் கனகதாசரின் ‘ராமதான்ய சரிதே’ என்னும் நூல் அரிசிக்கும் கேழ்வரகுக்கும் இடையே எழுந்த வழக்கைக் கூறுவதாகும். இராமபிரான் இரண்டையும் ஆறு திங்கள் சிறையில் வைக்க, அரிசி கெட்டுப்போகிறது; கேழ்வரகு கெடாமல் நின்று வெல்கிறது. ஏழையின் தானியத்திற்கும் செல்வரின் தானியத்திற்கும் இடையே இருந்த மதிப்பு வேறுபாட்டை எதிர்த்து எழுந்த குரலாகவும் அந்நூல் கருதப்படுகிறது.

கவிதையில் வென்ற கேழ்வரகு அங்காடியில் தோற்றது. வருமானம் உயர உயர எந்தப் பொருளின் நுகர்வு குறைகிறதோ, அதனைப் பொருளியலார் ‘தாழ்நிலைப் பண்டம்’ என்பர். இதற்குப் பாடநூல்கள் காட்டும் வழக்கமான எடுத்துக்காட்டு கேழ்வரகு போன்ற புன்செய்த் தானியங்களே. கையில் நாலு காசு சேர்ந்த குடும்பம் களியை விட்டு வெண்சோற்றுக்கு மாறியது. பொதுவிநியோகத் திட்டமும் பல்லாண்டுகளாக அரிசியையும் கோதுமையையுமே மலிவு விலையில் வழங்கியதால் இம்மாற்றம் விரைவுபட்டது. 1960களில் ஏறத்தாழ 25 இலட்சம் எக்டேராக இருந்த நாட்டின் கேழ்வரகுப் பரப்பு இன்று அதில் பாதி அளவில் நிற்கிறது.

பரப்பு சுருங்கிய போதும் விளைச்சல் அதே அளவுக்கு விழாமல் தாங்கியவர்கள் வேளாண் ஆய்வாளர்கள். ‘ராகி பிரம்மா’ என்று மக்களால் போற்றப்பட்ட லட்சுமணையா, இந்திய வகைகளையும் ஆப்பிரிக்க வகைகளையும் இணைத்து ‘இண்டாஃப்’ என்னும் உயர்விளைச்சல் வரிசையை உருவாக்கினார். தாயகத்து இரத்தமும் குடியேறிய மண்ணின் இயல்பும் இவ்வாறு மீண்டும் கலந்தன. 1964இல் தொடங்கப்பெற்ற பெங்களூரு வேளாண்மைப் பல்கலைக்கழகம் பின்னர் குலைநோயைத் தாங்கும் ஜி.பி.யு. 28 போன்ற வகைகளை வெளியிட்டது.

இப்போது காற்று திசை மாறியுள்ளது. 2018இல் மைய அரசு சிறுதானியங்களை ‘ஊட்டத் தானியங்கள்’ என அறிவித்தது. இந்தியாவின் முன்மொழிவை ஏற்று ஐக்கிய நாடுகள் அவை 2023ஆம் ஆண்டைப் பன்னாட்டுச் சிறுதானிய ஆண்டாகக் கொண்டாடியது. கேழ்வரகின் குறைந்தபட்ச ஆதரவு விலை 2017-18இல் குவிண்டாலுக்கு 1,900 ரூபாயாக இருந்தது. 2018-19இல் 2,897 ரூபாயாகவும், 2025-26 பருவத்திற்கு 4,886 ரூபாயாகவும் உயர்த்தப்பட்டது. அதே பருவத்திற்குப் பொதுரக நெல்லின் விலை 2,369 ரூபாய் ஆகும். உழவருக்கு இது நற்செய்தியே.

ஆயினும், இதில் ஒரு சிக்கல் உள்ளது. நேற்றைய தாழ்நிலைப் பண்டம் இன்று நலவுணவுக் கடையின் அலங்காரப் பண்டமாக மாறி வருகிறது. நடுத்தர வகுப்பினர் மருத்துவர் சொல் கேட்டுக் கேழ்வரகுக்குத் திரும்புகின்றனர். அதனை விளைவித்தும் உண்டும் வாழ்ந்த ஏழைக் குடும்பத்துப் பிள்ளைகளோ தீட்டிய அரிசிக்கும் மைதா ரொட்டிக்கும் பொட்டலத் தின்பண்டத்திற்கும் நகர்ந்துவிட்டனர். 2022-23 குடும்ப நுகர்வுச் செலவு ஆய்வு தரும் புள்ளிவிவரம் இங்கு கருதத்தக்கது. நகர்ப்புறத்தில் தலைக்கு ஆகும் மாதச் செலவில் தானியங்களுக்குச் சென்றது 3.6 விழுக்காடு; பானங்களுக்கும் பதனம் செய்த உணவுகளுக்கும் சென்றது 10.6 விழுக்காடு. சமைத்த உணவை வெளியில் வாங்கி உண்பதும் இதில் அடங்கும் என்றாலும், நாட்டின் தட்டு எத்திசையில் சாய்கிறது என்பதற்கு இது போதிய அடையாளம்.

உடலுழைப்பு ஆற்றும் பணி

உணவு எவ்வளவு சிறந்ததாயினும் உடல் அசையாவிடில் குடலும் மந்தமாகும். நடக்கும்போது உதரவிதானமும் வயிற்றுத் தசைகளும் இயங்கி, பெருங்குடலின் அசைவுக்குத் துணை செய்கின்றன. உணவிற்குப் பின் மெதுவாக நடப்பது வயிற்று உப்புசத்தைக் குறைப்பதுடன், இரத்தத்தில் சர்க்கரை திடீரென உயர்வதையும் தணிக்கிறது. மாறாக, வயிறு நிறைய உண்டவுடன் கடும் உடற்பயிற்சி செய்வது தவறு. அப்போது இரத்தம் குடலை விட்டுத் தசைகளுக்குத் திருப்பப்படுவதால் வயிற்றுவலியும் நெஞ்செரிச்சலும் ஏற்படக்கூடும்.

மலச்சிக்கலைப் பொறுத்தமட்டில் உடற்பயிற்சியின் பயன் மிதமானது. நார்ச்சத்தும் நீரும் உடன் சேர்ந்தால்தான் அது முழுமை பெறும். ஆனால், வேறு இரண்டு நோய்களில் அதன் பயன் ஐயத்திற்கு இடமற்றது. முதலாவது பெருங்குடல் புற்று. உடலுழைப்பு அந்நோயைத் தடுக்கிறது என்பதற்கான சான்று உறுதியானது என்று உலகப் புற்றுநோய் ஆராய்ச்சி நிதியத்தின் 2018 அறிக்கை வகைப்படுத்தியது. இரண்டாவது கல்லீரல் கொழுப்பு நோய். உடல் எடையில் 7 முதல் 10 விழுக்காடு குறைந்தாலே கல்லீரலின் அழற்சி தணிகிறது. எடை குறையாவிடினும் தொடர்ந்த உடற்பயிற்சி கல்லீரலில் உள்ள கொழுப்பைக் குறைக்கிறது. இந்நோயின் பரவலைக் கருத்திற்கொண்டு மைய அரசு 2021இல் இதனைத் தொற்றாநோய்த் தடுப்புத் திட்டத்துடன் இணைத்தது.

வாரத்திற்கு 150 முதல் 300 நிமிடங்கள் மிதமான உடலுழைப்பு வேண்டும் என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் 2020 வழிகாட்டுதல். நாள்தோறும் அரைமணி நேரம் விரைந்து நடந்தால் இது நிறைவேறும். ஆனால், 2024இல் வெளியான உலகளாவிய மதிப்பீடு ஒன்றின்படி, 2000இல் 22 விழுக்காடாக இருந்த போதிய உடலுழைப்பற்ற இந்தியரின் பங்கு 2022இல் 49 விழுக்காட்டைத் தாண்டிவிட்டது. ஆண்களில் இது 42 விழுக்காடு. பெண்களில் 57 விழுக்காடு. இவ்வேறுபாட்டைப் பெண்களின் சோம்பலாகக் கொள்பவர் நம் வீடுகளையும் வீதிகளையும் அறியாதவரே.

நாற்காலியில் அமர்ந்த மாநகரம்

பெங்களூருவில் லால்பாகின் 240 ஏக்கரும் கப்பன் பூங்காவின் நிழற்சாலைகளும் விடியற்காலையில் நடப்போரால் நிறைகின்றன. அப்பூங்காக்களின் அருகே வாழ்வோருக்கு அது பெரும் பேறு. ஆனால், நகரின் உடைத் தொழிற்சாலைகளில் பணிபுரியும் இலட்சக்கணக்கானோரில் பெரும்பாலோர் பெண்கள். பொழுது புலருமுன் எழுந்து வீட்டு வேலை முடித்து, நாள் முழுதும் தையல் எந்திரத்தின் முன் அமர்ந்து, இருட்டிய பின் வீடு திரும்பும் ஒருவருக்குப் பூங்கா எதற்கு? உற்பத்தி இலக்கு நெருக்கும் இடங்களில் கழிப்பறைக்குச் செல்ல நேரமிராது என்று அஞ்சித் தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொள்வோரும் உண்டு. நீரின்றி, நாரின்றி, அசைவின்றிக் கழியும் அந்தப் பத்து மணி நேரம் மலச்சிக்கலுக்கும் மூலத்திற்கும் வித்திடுவதில் வியப்பில்லை. கணிப்பொறி நிறுவனத்தில் குளிரூட்டிய அறையில் அமர்ந்திருப்பவரும் குடலைப் பொறுத்தவரை இதே நிலையில்தான் உள்ளார். ஒரே வேறுபாடு, அவருக்கு எழுந்து நடக்கும் உரிமை இருக்கிறது.

1982 சனவரியில் இயங்கத் தொடங்கிய மக்கள்தொகைப் புற்றுநோய்ப் பதிவேடுகளுள் பெங்களூருவினுடையதும் ஒன்று. கித்வாய் நினைவுப் புற்றுநோய் நிறுவனம் அதனை நடத்தி வருகிறது. மேலை நாடுகளுடன் ஒப்பிட்டால் இந்தியாவில் பெருங்குடல் புற்று இன்னமும் குறைவே. ஆனால், பெங்களூரு உள்ளிட்ட பெருநகரங்களில் அது படிப்படியாக ஏறி வருவதைப் பதிவேடுகள் காட்டுகின்றன. குறைவாக இருக்கும்போதே தடுப்பது, பெருகிய பின் மருத்துவம் பார்ப்பதைவிட மலிவானது என்பதை விளக்கத் தேவையில்லை. 2021-22இலும் நாட்டின் மொத்த மருத்துவச் செலவில் 39.4 விழுக்காட்டை மக்கள் தம் கையிலிருந்தே செலவிட்டனர். தடுக்கத் தவறிய ஒவ்வொரு நோயின் பட்டியலும் முதலில் சென்று சேர்வது குடும்பத்தின் அடுப்பங்கரைக்குத்தான்.

பொதுத்துறை செய்யக்கூடியவை

குழாய் நீரை வீடுதோறும் கொண்டுசேர்த்த அரசு, நல்ல தட்டையும் நடக்கும் பாதையையும் அவ்வாறே கொண்டுசேர்க்க இயலும். இதற்கான கருவிகள் பெரும்பாலும் நம் கையிலேயே உள்ளன.

முதலாவது, நியாயவிலைக் கடை. 2013ஆம் ஆண்டின் தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டம் அரிசி, கோதுமையுடன் பருத்தானியங்களையும் வழங்க வகை செய்தது. கர்நாடகம் தன் தென் மாவட்டங்களில் கேழ்வரகையும் வட மாவட்டங்களில் சோளத்தையும் குடும்ப அட்டைக்கு வழங்கி இதற்கு வழிகாட்டியது. உள்ளூரில் கொள்முதல் செய்து உள்ளூரிலேயே வழங்கும்போது போக்குவரத்துச் செலவும் குறையும். உழவருக்கும் நுகர்வோருக்கும் ஒருங்கே நன்மை விளையும்.

இரண்டாவது, பொது உணவகம். 2017 ஆகஸ்டில் பெங்களூருவில் தொடங்கப்பெற்ற இந்திரா உணவகங்கள் 5 ரூபாய்க்குச் சிற்றுண்டியும் 10 ரூபாய்க்குச் சாப்பாடும் வழங்கின. இத்தகைய இடங்களில் களியும் கீரைச் சாறும் இடம்பெற்றால், கட்டட வேலைக்குச் செல்பவரின் காலை உணவில் நார்ச்சத்து தானாகவே சேர்ந்துவிடும்.

மூன்றாவது, தொழிற்சாலை. 250க்கு மேற்பட்ட தொழிலாளர் பணிபுரியும் இடங்களில் உணவகம் அமைக்கச் செய்யும் அதிகாரத்தை 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம் அரசுக்கு அளித்தது. அதன் இடத்திற்கு வந்த 2020ஆம் ஆண்டின் பணியிடப் பாதுகாப்புச் சட்டத்தொகுப்பு அந்த வரம்பை 100 ஆகக் குறைத்துள்ளது. உணவகம் இருக்கிறதா என்று மட்டும் பார்க்கும் ஆய்வாளர், அங்கே என்ன பரிமாறப்படுகிறது, குடிநீரும் கழிப்பறையும் அச்சமின்றிப் பயன்படுத்தப்படுகின்றனவா என்பதையும் பார்த்தால், ஒரு புதிய செலவுமின்றிப் பெரும் பயன் விளையும்.

நான்காவது, நடைபாதை. 2006ஆம் ஆண்டின் தேசிய நகர்ப்புறப் போக்குவரத்துக் கொள்கை, நகரத்தெருக்கள் வண்டிகளுக்காக அல்ல, மக்களுக்காக என்ற நெறியை ஏற்றது. 2011 அக்டோபரில் பெங்களூருவில் ஓடத் தொடங்கிய மெட்ரோ ரயில், நிலையம் வரை நடந்து செல்லும் வழக்கத்தை மீண்டும் கொண்டுவர வல்லது. ஆனால், நிலையத்திலிருந்து வீடு வரையிலான அந்த அரைக் கிலோமீட்டரில் சீரான நடைபாதையும் விளக்கும் இருந்தால்தான் பெண்கள் இரவிலும் நடப்பர். பூங்கா ஓய்வு பெற்றோருக்கு உடற்பயிற்சி தரும். நடைபாதையோ வேலைக்குச் செல்லும் அனைவருக்கும், தனி நேரம் கேட்காமலே, உடற்பயிற்சி தரும்.

ஒவ்வொருவரும் கருத வேண்டியவை

திருவள்ளுவர் ‘மருந்து’ என்னும் அதிகாரத்தில் மூலிகைகளைப் பற்றிக் கூறவில்லை. உண்ணும் அளவையும், முன் உண்டது செரித்ததை அறிந்து உண்பதையுமே பெரிதும் வலியுறுத்தினார். அந்நெறியை இன்றைய அறிவுடன் சேர்த்துச் சில குறிப்புகளாகக் கூறலாம்.

நார்ச்சத்தைச் சில வாரங்களில் படிப்படியாகவே கூட்ட வேண்டும். ஒரே நாளில் கூட்டினால் உப்புசமும் வாயுவும் தொல்லை தரும். நார் கூடும்போது நீரும் கூட வேண்டும். நீரின்றி நார் மட்டும் மிகுந்தால் மலம் மேலும் இறுகக்கூடும். கேழ்வரகை மிக நைசாக அரைத்துக் கஞ்சியாகக் காய்ச்சினால் அதன் மாவுச்சத்து விரைவில் சர்க்கரையாகும். நீரிழிவு உள்ளோர் பயறும் காயும் சேர்த்து அளவாக உண்பதே நன்று. ‘ராகி’ என்று பெயரிட்ட பிஸ்கட்டுகளில் மைதாவும் சர்க்கரையுமே மிகுந்திருப்பதுண்டு. பொட்டலத்தின் பின்புறத்தில் உள்ள சேர்மானப் பட்டியலைப் படித்த பின்னரே வாங்க வேண்டும். இட்டலி மாவில் வளர்ந்த நுண்ணுயிர்கள் ஆவியில் மடிந்துவிடுகின்றன; உயிருள்ள நுண்ணுயிர்கள் வேண்டுவோருக்குத் தயிரும் மோரும் உள்ளன. இரவுணவை உறங்குவதற்கு இரண்டு அல்லது மூன்று மணி நேரம் முன்னதாக முடித்தால் நெஞ்செரிச்சல் குறையும். மல உந்துதலை வேலையின் பொருட்டு அடக்கும் வழக்கம் அறவே கூடாது.

உணவும் நடையும் எல்லா நோய்க்கும் மருந்தாகா என்பதையும் இங்கே வற்புறுத்த வேண்டும். மலத்தில் இரத்தம், காரணமின்றி எடை குறைதல், இரத்தசோகை, விழுங்குவதில் இடர், நடுவயதிற்குப் பின் மலம் கழிக்கும் முறையில் தோன்றி நீடிக்கும் மாற்றம் ஆகிய குறிகள் தென்பட்டால் களியையும் கசாயத்தையும் நம்பிக் காலம் கடத்தாமல் மருத்துவரை நாட வேண்டும். மூலம் என்று தாமே முடிவு செய்துகொண்டு ஆண்டுக்கணக்கில் மறைத்து வைத்த இரத்தப்போக்கு, பின்னர் புற்றாக அறியப்படுவதுண்டு. கூச்சம் இந்நோயின் மிகப் பெரிய கூட்டாளி.

ஹெசரகட்டாவிலிருந்து முதல் குழாய் போடப்பட்டபோது, கிணற்று நீரே போதும் என்று எண்ணியோரும் இருந்திருப்பர். இன்று குழாய் இல்லாத நகரை நாம் கற்பனை செய்யவும் விரும்புவதில்லை. உழைப்பவரின் தட்டில் தவிடு நீங்காத தானியமும், அவர் செல்லும் வழியில் காலூன்றி நடக்க ஒரு பாதையும், பணியிடத்தில் அச்சமின்றி அருந்த ஒரு குவளை நீரும் அவ்வாறே அடிப்படை வசதிகளாகக் கருதப்படும் நாள் வர வேண்டும். அந்நாள் வரும் வரையில், களியும் நடையும் வசதி படைத்தோரின் பழக்கமாகவும், மலச்சிக்கலும் மருத்துவச் செலவும் தையல் எந்திரத்தின் முன் அமர்ந்திருப்பவரின் பங்காகவும் பிரிந்து நிற்கும். அவ்வாறு பிரிய விடுவதா, வேண்டாவா என்பது உணவுத் துறையும், தொழிலாளர் துறையும், நகர அமைப்புத் துறையும் ஒன்றுகூடி விடை காண வேண்டிய வினாவாகும்.